குண்டாகிப் போன குதிரைகள்

போன வாரம் கம்பு ரொட்டி, இந்த வாரம் கார். (டிஸ்கி: என் பேர்ல இருக்கிற ஒரே வாகனம் சைக்கிள். டென்மார்க்கில் காருக்குப் பதிவு வரி உச்சப் படியில் 150 சதவீதம். உதவித்தொகையில காலம் தள்ளுறவன் ஷோரூம் கண்ணாடியில மூக்கை வச்சுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.)

மேட்டருக்கு வர்றேன். 1980களில் வந்த முதல் பிஎம்டபிள்யூ எம்5 சுமார் 1,430 கிலோ, 286 குதிரைசக்தி. 2024-ல் வந்த எம்5, பேட்டரி மோட்டார் எல்லாம் சேர்த்து 2,400 கிலோவுக்கு மேல, சக்தி 727. பழைய எம்5 முதுகில ஒரு மாருதி 800-ஐ ஏத்தி, அதுக்குள்ள நாலு பேரையும் உட்கார வச்சா எவ்வளவு வருமோ, அவ்வளவு!

எல்லாப் பழியையும் பேட்டரி மேல போடக்கூடாது. மோதினா ஆள் பிழைக்கணும்னு கதவுக்குள்ள இரும்பு, ஏர்பேக். அது நல்லதுதான். ஆனா எடை கூடினா பிரேக் பெருசா வேணும், பெரிய பிரேக் உள்ளே போக பெரிய சக்கரம், அதுக்கு அகல டயர். இதையெல்லாம் இழுக்க இன்னும் சக்தி. கோவணத்தைக் காப்பாத்த பூனை வளர்த்த சாமியார் கதைதான்.

லேப்ல பக்கத்து மேஜை டேனிஷ் நண்பன் ஒத்துக்கவே மாட்டேங்கிறான். "ஹூண்டாய் ஐயோனிக் 5 என் பாரு, 2,200 கிலோ, ஆனா ஓட்டினவன் எல்லாம் சிரிச்சுக்கிட்டே இறங்குறான்"ங்கிறான். உண்மைதான், கார்ப் பத்திரிகைகள் அதைப் புகழ்ந்து தள்ளுச்சு. கம்ப்யூட்டர் எடையை நல்லாவே மறைக்குது.

நான் கேக்கிறது வேற. அந்தச் சக்தியை இந்த ஊர்ல எங்கே வச்சு ஓட்டுவே? நெடுஞ்சாலையில அதிகபட்சம் 130, கிராமத்துச் சாலையில பொதுவா 80. 2021 மார்ச் கடைசியில 'பைத்தியக்கார ஓட்ட'ச் சட்டம் வந்தது. 200-ஐத் தாண்டினா காரையே பறிமுதல் பண்ணுவாங்க, அடுத்தவன் காரா இருந்தாலும். அதே அக்டோபர்ல ஒருத்தர் ஜெர்மனியில லம்போர்கினி ஹுராகான் வாங்கி நார்வேக்கு ஓட்டிட்டுப் போறார். நடுவுல டென்மார்க்! 236 கி.மீ. வேகம். வண்டி போச்சு :-(

ஆக இங்கே 80-க்குள்ள கிடைக்கிற சந்தோஷம்தான் சந்தோஷம். அந்த வேகத்துல 700 குதிரை தூங்கிட்டிருக்கும், 2,400 கிலோ மட்டும் முழிச்சிருக்கும். 1989-ல வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்கும் கம்மி. அதுல வளைவுக்கு வளைவு ஓட்டுறவனுக்கு வேலை இருக்கு. 2015-ல வந்த நாலாவது தலைமுறையையும் ஒரு டன் பக்கத்திலேயே நிறுத்தினாங்க. அப்போ முடியாதுன்னு இல்லை, மனசில்லை.

இதுல ஒரு வேடிக்கை. டென்மார்க்கில் 1997 ஜூலைக்கு முன்னாடி பதிவான கார்களுக்கு வருஷ வரி எடையை வச்சுத்தான். அதுக்கப்புறம் வந்ததுக்கு எரிபொருள், கரியமில வாயுக் கணக்கு. அதாவது ஒல்லியா இருக்கிற பழைய மஸ்டாவை நிறுத்தி எடை பார்க்கிறாங்க, இரண்டரை டன் புதுசு எடைமேடைப் பக்கமே போக வேண்டாம்!

ப்ரெஸ்டோவுல இருக்கிற உள்ளூர்க் கம்பெனி ஸென்வோ, 2023-ல அறிவிச்ச அரோரா காரை 1,300 கிலோவுல நிறுத்தப் பாக்குறோம்னு சொல்லுச்சு, 1,400-க்கு மேல குதிரைசக்தியோட. எல்லாம் கார்பன் நார். விலையை விடுங்க, அதோட வரியை நினைச்சாலே எனக்குக் காய்ச்சல் வருது.

நம்ம ஊர்ல கோயம்புத்தூர் கரிவரதன் இதைச் சல்லிசா பண்ணிக் காட்டியிருக்கார். மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை எடுத்து, எலும்பும் தோலுமா ஒரு ஒற்றை இருக்கை வண்டி: ஃபார்முலா மாருதி. 1995-ல சின்ன விமான விபத்துல போயிட்டார். 2005-ல ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூர்ல முதல் ரேஸ் ஓட்டினது அந்த வண்டியிலதான். அதை ஓட்டின, இல்ல பக்கத்துல நின்னாவது பார்த்த கோவைக்காரங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, டேனிஷ்காரன் கிட்ட காட்டணும்.