சம்பளச் சீட்டைக் காட்டினாலும் ஓசிச் சோறா?

ஆங்கிலவழி முதுகலைப் படிப்புகளில் 2024 முதல் ஆண்டுக்கு 1,100 இடங்களும், 2029 முதல் ஆண்டுக்கு 2,500 இடங்களும் கூடுதலாகத் தரப்படும் என்று 2023 கோடையில் கோபன்ஹேகனில் உடன்பாடு கண்ட டென்மார்க்கின் அரசியல் கட்சியினர், அதை ஏதோ தானம் கொடுப்பதுபோல் அறிவித்தார்கள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பது இதுதான். கிள்ளிய கை எது என்று மறந்துபோக இரண்டு ஆண்டு போதாது. தொழிற்கல்விக் கழகங்களிலும் தொழில்முறைக் கல்லூரிகளிலும் நடந்துவந்த ஆங்கிலவழிப் படிப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றை இழுத்து மூட 2021 ஜூனில் கையெழுத்திட்டதும் பெரும்பாலும் இதே கூடாரம்தான்.

தொட்டிலும் வேறு பிள்ளைக்குத்தான் ஆடுகிறது. இப்போது திறப்பது முதுகலைக் கதவு. அன்று மூடியது பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளை நுழைந்த கதவு. பக்காவிலிருந்தும் சுச்சாவாவிலிருந்தும் வந்த ருமேனிய மாணவர்களில் ஏராளமானோர் டென்மார்க்கின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களை நேரே நாடியவர்கள் அல்ல. மல்டிமீடியா வடிவமைப்பு, சந்தைப்படுத்தல் மேலாண்மை, மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் என்று இரண்டாண்டுப் படிப்பு. விரும்பினால் மேலே ஒன்றரை ஆண்டு படித்து இளநிலைப் பட்டம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குக் கல்விக்கட்டணம் கிடையாது. 2007இல் ஒன்றியத்தில் சேர்ந்த ருமேனியாவின் தொழிலாளர்களுக்கு விதித்திருந்த இடைக்காலக் கட்டுப்பாட்டை டென்மார்க் 2009 மே மாதம் நீக்கியது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அந்நாட்டின் வெளிநாட்டு மாணவர் பட்டியலில் ருமேனியர்கள் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். அந்த முன்வரிசைதான் சிலர் கண்ணை உறுத்தியது.

உறுத்தியதற்குக் காரணம் என்ன என்பதில் ஒளிவுமறைவு இல்லை. எஸ்.யு. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசுப் படிப்புதவித்தொகைதான். பெற்றோருடன் வசிக்காத மாணவருக்கு மாதம் 6,000 குரோனருக்கு மேல். டேனிஷ் வரிப்பணம் ருமேனியப் பையில் விழுகிறது, படித்து முடித்ததும் பையோடு கிளம்பிவிடுகிறார்கள் என்பதே குற்றச்சாட்டு. படித்தவர்களில் கணிசமானோர் வெளியேறினார்கள் என்பது உண்மை. உதவித்தொகைச் செலவு 2013இல் கட்சிகள் பேசி வைத்த உச்சவரம்பைத் தாண்டியதும் உண்மை. அவர்கள் பக்கத்து நியாயம் அவ்வளவுதான்.

அவர்கள் சொல்லாமல் விட்டது என்ன? எஸ்.யு. ஒரு ருமேனிய மாணவருக்குச் சும்மா கிடைப்பதே இல்லை.

இந்தக் கதையின் தொடக்கம் 2013 பிப்ரவரி 21. அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2009இல் டென்மார்க்குக்கு வந்து முதலில் முழுநேரமாகவும், பிறகு கோபன்ஹேகன் வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டே பகுதிநேரமாகவும் வேலை பார்த்த ஓர் ஒன்றியக் குடிமகனின் வழக்கு அது. அவர் வந்த நோக்கமே படிப்புதான், ஆகவே அவரைத் தொழிலாளியாகக் கருத முடியாது என்று டேனிஷ் தரப்பு வாதிட்டது. என்ன நோக்கத்தோடு வந்தார் என்பது கேள்வியல்ல, செய்வது உண்மையான வேலையா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். உண்மையான வேலை என்றால் அவர் தொழிலாளி. தொழிலாளி என்றால் உள்ளூர் மாணவருக்குள்ள உதவித்தொகை அவருக்கும் உண்டு.

இதன் நடைமுறைப் பொருள் எளிது. வாரம் 10 முதல் 12 மணி நேரமாவது, இடைவிடாமல், சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும், சம்பளச் சீட்டைக் காட்ட வேண்டும். மணிக்கணக்கு குறைந்து தொழிலாளி என்ற தகுதி போனால் தொகை நிற்கும். வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லியும் கடிதம் வரலாம். வகுப்பு தொடங்குமுன் விடியற்காலைக் குளிரில் செய்தித்தாள் போடுவதும், ஓட்டல் அறைகளைத் துடைப்பதும், உணவகத்தின் பின்கட்டில் தட்டுக் கழுவுவதும், கிடங்கில் பெட்டி அடுக்குவதும் இப்படி வந்தவைதான். இந்த வேலைகளுக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வரிசையில் நிற்கவில்லை என்பது ஆர்ஹூஸில் ஓட்டல் நடத்தும் எவருக்கும் தெரியும்.

அந்தச் சம்பளத்தில் தொழிற்சந்தைப் பங்களிப்பு என்று 8 விழுக்காடு முதலிலேயே போய்விடும். பிறகு வருமான வரி. மீதியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும்கூட 25 விழுக்காடு விற்பனை வரி. எஸ்.யு. தொகையே வரிக்குட்பட்ட வருமானம்தான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது அரசு. மாதாமாதம் வரி கட்டுகிறவருக்கு, வேலை பார்க்கிறார் என்ற ஒரே காரணத்தால் கிடைக்கும் தொகையை எடுத்துக் காட்டி, இவர் நம் வரிப்பணத்தில் வாழ்கிறார் என்று சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

அந்தப் பிள்ளையைப் பதினெட்டு வயதுவரை வளர்த்த செலவு எந்தப் பேரேட்டில் இருக்கிறது? பிரசவ விடுதியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை செலவழித்தது ருமேனியா. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சமாகச் சுருங்கிப்போன நாடு அது. 1990இல் 2 கோடியே 30 லட்சத்தை ஒட்டி இருந்தது. பெற்றோர் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கூலிக்குப் போய்விட, பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் உண்டு. அப்படி வளர்ந்து ஆளான பிறகு டென்மார்க்கின் வாசலுக்கு வந்து நிற்பவரை, வந்த நாளிலிருந்து செலவு என்ற பத்தியில் மட்டுமே எழுதுகிறார்கள். வரவுப் பத்தி காலியாகவே இருக்கிறது. படிப்பு முடிந்ததும் கிளம்பியவர்கள்கூட அதுவரை தட்டுக் கழுவினார்கள், வரி கட்டினார்கள், வாடகை கொடுத்தார்கள். அவற்றைக் குறித்துக்கொள்ள அந்தப் பேரேட்டில் இடமில்லை போலிருக்கிறது.

வாசலுக்கு வருவதே அப்படியொன்றும் எளிதல்ல. டேனிஷ் அரசின் பொதுவான சேர்க்கைத் தளத்தில் மார்ச் 15 நண்பகல் 12 மணிக்குள் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும். விருப்ப வரிசைப்படி எட்டுப் படிப்புகள் வரை கேட்கலாம். டேனிஷ் மின்னடையாளம் இல்லாதவர் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கையொப்பத் தாளை அச்செடுத்து, கையெழுத்திட்டு, அந்தந்த நிறுவனத்துக்குச் சேர்ப்பிக்க வேண்டும். ஆனால் அந்த மார்ச்சில் ருமேனிய மாணவர் கையில் பள்ளி இறுதிச் சான்றிதழே இருக்காது. அந்தச் சான்றிதழுக்கான பாக்கலோரியாட் (பேச்சுவழக்கில் வெறும் பாக்) எழுத்துத் தேர்வு நடப்பது பெரும்பாலும் ஜூன் பிற்பகுதியில் அல்லது ஜூலைத் தொடக்கத்தில். டென்மார்க் கேட்கும் கடைசி ஆவணங்களுக்கான கெடுவோ ஜூலை 5 நண்பகல். தேர்வு தள்ளிப்போன ஆண்டுகளில் மதிப்பெண் வருவதும் கெடு முடிவதும் ஒன்றையொன்று துரத்தின. அச்சிட்ட பட்டயம் பிறகுதான் வரும் என்பதால் பள்ளி தரும் தற்காலிகச் சான்றை வாங்கி, அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் ஓடி, முத்திரை பெற்று, தளத்தில் ஏற்ற வேண்டும். பத்துக்கு இத்தனை என்று ருமேனியா போட்ட மதிப்பெண், மைனஸ் 3, 00, 02, 4, 7, 10, 12 என்று தாவித்தாவிப் போகும் டேனிஷ் அளவுகோலுக்கு மாற்றப்படும். அந்த எண்களுக்கு இடையில் ஏன் இந்த இடைவெளி என்று டேனிஷ் பெற்றோரே கேட்பதுண்டு. இத்தனையும் தாண்டி, வந்திறங்கியதும் ஒன்றியக் குடிமக்களுக்கான பதிவு, சிபிஆர் எனும் தனிநபர் அடையாள எண், மஞ்சள் நிற உடல்நல அட்டை, வங்கிக் கணக்கு என்று அடுத்த சுற்று. ஒன்று இல்லாமல் மற்றொன்று நகராது. உட்கார்ந்து தின்ன நினைப்பவர் இந்தப் பாட்டைப் படுவாரா?

சரி, அந்த மாணவர்கள் வேண்டாம் என்றே முடிவெடுத்ததாக வைத்துக்கொள்வோம். அதையாவது நேர்மையாகச் சொன்னார்களா? சொல்ல முடியாது. கடவுச்சீட்டைப் பார்த்து ஒன்றியக் குடிமக்களைத் தடுக்க ஒன்றியச் சட்டம் இடம் தராது. ஆகவே பாடமொழியில் கைவைத்தார்கள். படிப்பு டேனிஷில் மட்டும் என்றால் ருமேனியருக்குத் தடை என்று எங்கும் எழுத வேண்டியதில்லை. வாசல் தானாக அடைந்துவிடும். ஆங்கிலத்தில் படித்து உலகச் சந்தையில் வேலை தேட நினைத்த டேனிஷ் பிள்ளைகளுக்கும் சேர்த்து அடைந்துவிட்டது என்பது வேறு கதை.

படிப்புகளை மூடக் கையெழுத்திட்ட அதே 2021 ஜூன் மாதத்திலேயே இன்னோர் உடன்பாடும் கையெழுத்தானது. பெருநகரங்களில் உயர்கல்வி குவிகிறது, சிற்றூர்களையும் சிறுநகரங்களையும் வாட விடக்கூடாது, ஆகவே நான்கு பெருநகரங்களிலும் 2030க்குள் 10 விழுக்காடு வரை இடங்களைக் குறைக்க வேண்டும் என்றது அது. மூடப்பட்ட ஆங்கிலவழி வகுப்புகளில் பல எங்கே இருந்தன? ஹோர்சென்ஸ், கோலிங் போன்ற நகரங்களில். வாடகை அறைகளை நிரப்பியதும், கல்லூரி நடத்தக் குறைந்தபட்சத் தலைகளைத் தந்ததும், பொறியாளர் கிடைக்காமல் தவிக்கும் ஜுட்லாந்து ஆலைகளுக்குப் பயிற்சி மாணவர்களாகப் போனதும் இந்த வெளிநாட்டுப் பிள்ளைகள்தான். சிறுநகரத்தை வாழவைப்போம் என்று ஒரு தாளிலும், அங்கிருக்கும் மாணவரை அனுப்பிவிடுவோம் என்று மறு தாளிலும் ஒரே மாதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பார்த்தார்களா என்பது சந்தேகமே.

படித்துப் பார்க்கும் பழக்கம் அந்த வட்டாரத்தில் எப்போதும் குறைவுதான். 2013இல் மாணவர்களை விரைவாகப் படித்து முடிக்கவைக்கிறோம் என்று ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தார்கள். எல்லாரும் ஆண்டுக்கு இத்தனை பாடப்புள்ளிகளுக்குக் கட்டாயம் பதிய வேண்டும் என்றார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பல்கலைக்கழக அலுவலகங்கள் விண்ணப்பக் காகிதத்தில் மூழ்கின, இரண்டே ஆண்டில் விதியைத் தளர்த்தினார்கள். 2016இல் ஒரு பட்டம் பெற்றவர் அதே நிலையில் இன்னொரு பட்டம் படிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். தவறான படிப்பைத் தேர்ந்தவர் ஆயுளுக்கும் அதிலேயே கிடக்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அதையும் பின்னர் தளர்த்தினார்கள். 2018இல் பல்கலைக்கழகங்களின் ஆங்கிலவழிப் படிப்புகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களை வெட்டினார்கள். 2021இல் மறுபடி வெட்டு. 2023இல் கூட்டல்.

இவற்றுக்கெல்லாம் கிரீடம் வைத்தது டேனிஷ் மொழி வகுப்பு விவகாரம். வெளிநாட்டு மாணவர்கள் டேனிஷ் கற்பதில்லை, அதனால்தான் இங்கே வேலை கிடைக்காமல் ஓடிப்போகிறார்கள் என்று புலம்பியவர்கள், 2018 ஜூலையில் என்ன செய்தார்கள்? அதுவரை இலவசமாக நடந்துவந்த டேனிஷ் வகுப்புக்கு, ஒவ்வொரு பகுதிக்கும் 2,000 குரோனர் கட்டணம் விதித்தார்கள். செய்தித்தாள் போட்டு வாடகை கட்டும் மாணவர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? வகுப்புகள் காலியாயின. 2020 ஜூலையில் கட்டணத்தைச் சத்தமில்லாமல் எடுத்தார்கள். அடுத்த ஆண்டே, டேனிஷ் தெரியாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்று கதவை அடைத்தார்கள். மொழி கற்க வந்தவரிடம் காசு கேட்டு விரட்டிவிட்டு, மொழி தெரியவில்லையே என்று குற்றம் சாட்டும் இந்த நியாயத்துக்கு எந்த அளவுகோலில் மதிப்பெண் போடுவது? மைனஸ் 3 போதுமா?

வெளிப்படையாகச் சட்டம் போட முடியாதபோது புறவாசல் வழியாகத் தடுப்பது கோபன்ஹேகனுக்குப் புதிதல்ல. தமிழ் வாசகர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியதும் இல்லை. 1980களின் இறுதியில், டென்மார்க்கில் தஞ்சமடைந்த ஈழத்தமிழர்களின் குடும்பத்தினர் வந்துசேரச் சட்டப்படி உரிமை இருந்தும், அவர்களது கோப்புகளை நகரவிடாமல் நீதித்துறை அமைச்சகம் கிடப்பில் போட்டது. சட்டத்தை மாற்றவில்லை, கோப்பை மட்டும் மாதக்கணக்கில் அசையாமல் வைத்தார்கள். 1993 ஜனவரியில் அதன் விசாரணை அறிக்கை ஒரு பிரதமரைப் பதவி விலக வைத்தது. 1995இல் முன்னாள் நீதித்துறை அமைச்சருக்குச் சிறப்பு நீதிமன்றம் நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. இன்று ஹெர்னிங்கிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆலையிலும் மருத்துவமனையிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் பலர், அன்று அந்தக் கோப்புகளில் பெயராக இருந்தவர்கள். 2021இல் நடந்தது சட்டமீறல் அல்ல, எல்லாம் விதிப்படியே நடந்தது என்பது ஒப்புக்கொள்ளத்தக்கது. ஆளைச் சொல்லாமல் ஆளைத் தடுக்கும் கைவாகு மட்டும் மாறவில்லை.

இப்போது மீண்டும் ஆள் போதவில்லை என்கிறார்கள். பொறியாளர் இல்லை, கணினித் துறைக்கு ஆள் இல்லை, முதியோரைப் பார்த்துக்கொள்ளக் கை இல்லை. அதற்குத்தான் அந்த 1,100 இடங்கள். ஆனால் பதினெட்டு வயதில் டென்மார்க் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய பிள்ளைகள் நெதர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போய் அங்கே வாடகை வீடும் நண்பர்களும் தேடிக்கொண்ட பிறகு, இருபத்திரண்டு வயதில் முதுகலைக்கு வா என்றால் வருவார்களா?

தொழிற்கல்விக் கழகங்களின் கதவை ஏதாவது ஒரு வடிவில் மறுபடி திறந்தாக வேண்டும். உதவித்தொகைக் கணக்கை வரவும் செலவும் சேர்த்து ஒருமுறையாவது நேர்மையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். டேனிஷ் மொழியைப் படிப்போடு இணைத்துக் கற்றுத்தர வழி காண வேண்டும். எப்படி என்பதை, இத்தனை முறை வெட்டியும் ஒட்டியும் பழகியவர்கள் உட்கார்ந்து யோசிக்கட்டும். அடுத்த பிப்ரவரி 1 அன்று விண்ணப்பத் தளம் வழக்கம்போல் திறக்கும். ருமேனியாவின் கிளூஜிலும் யாஷிலும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அதில் ஆங்கிலம் என்று தட்டித் தேடிப் பார்ப்பார்கள்.