சட்டம் படிக்கப் போகிறீர்களா? பயிற்சி மையத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

வங்கி வேலையையோ மென்பொருள் வேலையையோ விட்டுவிட்டு 35 வயதில் சட்டம் படிக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது பயிற்சி மையத்தைத்தான். எந்த மையம், நேரடி வகுப்பா ஆன்லைனா, எத்தனை மாதிரித் தேர்வு என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தமக்கு நுழைவுத் தேர்வே தேவையா என்று பலர் யோசிப்பதில்லை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டு எல்எல்பி படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் 2023 முதல் க்யூட் பிஜி என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்கிறது. மகாராஷ்டிரம், ஆந்திரம், தெலங்கானா மூன்றும் தனித்தனியே தேர்வு வைக்கின்றன. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 2022-ல் மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கி, அதற்கு என்எல்சாட் தேர்வை நடத்துகிறது. கல்லூரியை முடிவு செய்யாமல் பயிற்சிக்குப் பணம் கட்டுவது வீண்செலவில் முடியலாம்.

தகுதியையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பட்டப்படிப்பில் பொதுப் பிரிவினர் 45 சதவீதமும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சில் விதி. பிளஸ் 2 படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களை அந்த விதி ஏற்பதில்லை. வயதைப் பற்றிய அச்சம் அவ்வளவாகத் தேவையில்லை. மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது என்று பார் கவுன்சில் மீண்டும் கொண்டுவந்த வரம்பை 2017-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

இனி தேர்வுக்கு வருவோம். என்எல்சாட் 150 மதிப்பெண். பாதி கொள்குறி வினாக்கள், மீதி பாதி எழுதிக் காட்ட வேண்டிய விடைகள், கட்டுரை உட்பட. கொள்குறிப் பகுதி சோதிப்பது பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதையும் தர்க்கத்தையும் நடப்பு நிகழ்வுகளையும்தான். ஒரு மாதிரி பாருங்கள்: 'சாலையில் கேமரா வைத்த பின் விபத்து குறைந்தது, ஆகவே கேமராதான் காரணம்' என்று ஒரு பத்தி வாதிடுகிறது. இந்த வாதத்தை எது பலவீனப்படுத்தும் என்பது கேள்வி. அதே மாதத்தில் லாரிகள் புறவழிச்சாலைக்குத் திருப்பிவிடப்பட்டன என்ற விடையைத் தேர்வு செய்ய எந்தச் சட்டப் புத்தகமும் வேண்டாம். பத்தாண்டுகள் தணிக்கை அறிக்கையோ, கடன் விண்ணப்பமோ, காப்பீட்டுக் கோரிக்கையோ படித்துப் பழகியவருக்கு இது அன்றாட வேலை. வேலை பார்த்துவிட்டு வருபவரின் பலம் இங்கேதான் இருக்கிறது, பயிற்சி மையம் அதைப் புதிதாகத் தந்துவிட முடியாது. அவருக்குக் குறைவது வேகமும் நடப்பு நிகழ்வுகளும். கடிகாரம் வைத்துப் பழைய வினாத்தாள்களை எழுதுவதும், ஒரு நல்ல நாளிதழின் தலையங்கப் பக்கத்தைத் தினமும் படித்துச் சுருக்கி எழுதுவதும் அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

வேலைக்குப் போய்க்கொண்டே தேர்வுக்குப் படிப்பவருக்கு வகுப்பு இல்லாவிட்டால் ஒழுங்கு வராதே என்பார்கள். நியாயமான கவலைதான். ஒழுங்குக்கு ஒரு மாதிரித் தேர்வுத் தொகுப்பும், கூடப் படிக்கும் இரண்டு மூன்று பேரும் போதும். கல்லூரி முடித்த கையோடு வருபவர்களுக்கென்று போடப்பட்ட முழு வகுப்புத் திட்டம் இவர்களுக்கு வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் தடுமாறுபவர் அந்த ஒன்றுக்கு மட்டும் பயிற்சி எடுத்துக்கொள்வது சரி. பெயர் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால் போட்ட பணம் திரும்பிவிடும் என்பது இன்னொரு வாதம். நிறுவன வேலை ஒன்றையே குறிவைப்பவருக்கு அது பொருந்தலாம். சொந்த ஊர் நீதிமன்றத்தில் தொழில் செய்யப் போகிறவருக்கு, அந்த ஊர்ச் சீனியர் வழக்கறிஞரிடம் கழிக்கும் ஆண்டுகள்தான் முதலீடு.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பணம். சட்டப் படிப்பைத் தொலைதூரக் கல்வியில் படிக்க முடியாது. 70 சதவீத வருகை கட்டாயம் என்பதால் முழுநேர வேலையைத் தக்கவைத்துக்கொண்டு படிப்பதும் பெரும்பாலோருக்கு நடக்காத காரியம். பட்டம் வந்த பிறகு ஜூனியர் வழக்கறிஞராக இருக்கும் காலம். வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நல்ல நிம்மதி. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வழிசெய்யுமாறு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. கிடைத்தாலும், வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இருக்கும் குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு? சிவில் நீதிபதித் தேர்வு எழுதிவிடலாம் என்ற வழியும் நீண்டுவிட்டது. மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கியது. கல்லூரியில் சேரும் நாளிலிருந்து எண்ணினால் குறைந்தது ஆறு ஆண்டுகள். சேமிப்பு தேவைப்படுவது அந்த ஆறு ஆண்டுகளுக்கு.

எனவே பயிற்சி மையத்தில் முன்பணம் கட்டும் முன், நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியின் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். எங்கே மதிப்பெண் போகிறது என்று தெரிந்த பிறகு, அந்தப் பகுதிக்கு மட்டும் செலவழியுங்கள்.