மல்லனின் பெயர் என்ன?



புறநானூற்றைப் புரட்டிப் பாருங்கள். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரிலே ஒரு மல்லனோடு பொருதான், வீழ்த்தினான், வென்றான். சாத்தந்தையார் அந்த மற்போரைப் பாடினார். பாட்டு நிலைத்தது, கிள்ளியின் பெயரும் நிலைத்தது. அவனுக்கு எதிரே தோள் தட்டி நின்றானே, அந்த மல்லனின் பெயர் என்ன? தெரியாது! ஆமூர் மல்லன் – அவ்வளவே. ஊரின் பெயர் உண்டு. தொழிலின் பெயர் உண்டு. பெற்றவள் இட்ட பெயர் இல்லை!

அது முடியரசுக் காலம். குடியரசுக் காலத்திலும் அதே வழக்கந்தானா?

சென்னை மாநகரைச் சுற்றி வாருங்கள். சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்கம் எம்.ஏ.சிதம்பரம் பெயரால் விளங்குகிறது. அவர் கிரிக்கெட் நிர்வாகி. எழும்பூர் ஆக்கி அரங்கத்துக்கு மேயர் இராதாகிருட்டிணன் பெயர். பெரியமேட்டு அரங்கத்துக்குப் பிரதமர் நேருவின் பெயர். பெரியவர்கள், பெருமைக்குரியவர்கள், மறுப்பாரில்லை. ஆனால், ஆண்டவருக்கும் நிர்வகித்தவருக்கும் பெயர்ப்பலகை உண்டெனில், ஆடியவனுக்கு எங்கே?

எம்.ஜே.கோபாலனை அறிவீர்களா? 1934-இல் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தை வீசியவர். கிரிக்கெட்டிலும் ஆக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி எழுந்தது. கிரிக்கெட்டைத் தேர்ந்தார். அங்கே ஒரு டெஸ்டிலும் ஆட வாய்ப்புத் தரப்படவில்லை. பெர்லின் சென்ற ஆக்கிக் குழுவோ தங்கத்தோடு திரும்பியது! நாடகத்துக்கு இதைவிட நல்ல கதை ஏது?

வி.பாஸ்கரன் – 1980-இல் மாஸ்கோவில் ஆக்கித் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர், சென்னைக்காரர். வி.சந்திரசேகர் – மேசைப் பந்தாட்ட வீரர். 1982-இல் அருச்சுனா விருது பெற்றவர். 1984-இல் முழங்கால் அறுவை மருத்துவம் பார்வையையும் பேச்சையும் நடையையும் பறித்தது. சாய்ந்தாரா? இல்லை! நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார், பின்னர் இளைஞர்களைப் பயிற்றுவித்தார், 2021-இல் மறைந்தார்.

வடசென்னைக்கு வாருங்கள். கேரம் பலகையைத் தெருவிளக்கடியிலே வைத்து ஆடும் பிள்ளைகளை வீணர்கள் என்று ஏசுவோர் உளர். அதே கேரத்திலே மரிய இருதயம் உலக வாகை சூடினார். 1996-இல் அருச்சுனா விருது பெற்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். வண்ணாரப்பேட்டைப் பவானி தேவி மூங்கிற் கழியால் வாள் பழகினார். ஒலிம்பிக் வாட்போருக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

இவர்கள் பெயரெல்லாம் ஒரே கூரையின் கீழ் ஒளிர வேண்டாவா? சென்னைக்கு ஒரு விளையாட்டு வீரர் புகழ் மண்டபம் வேண்டும் என்கிறேன்.

"புகழ் சோறு போடுமா?" என்று கேட்பர். போடாது, ஆகவே பொறிக்கப்படும் பெயருக்கு ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் சேரட்டும். "பெயர்களைத் தேர்வது யார்?" என்பர். முன்னாள் வீரர்களும் பயிற்சியாளர்களும் தேரட்டும், சாதனையே அளவுகோலாகட்டும். செல்வம் நுழையலாகாது, சாதி நுழையலாகாது, கட்சியும் நுழையலாகாது! ஆம் தோழர்களே, நம் கட்சியைச் சேர்த்தே சொல்கிறேன். திறப்பு விழாக் கல்வெட்டிலே அமைச்சரின் பெயர் ஆளுயரத்திலும், வீரனின் பெயர் எறும்பளவிலும் இருக்குமானால், அந்த மண்டபம் எழாமலே போகட்டும்!

மண்டபம் எழும் இடம் வடசென்னையாக இருக்கட்டும். பள்ளி விட்டு வரும் சிறுவன் எட்டிப் பார்க்க வேண்டும். தன் தெருவின் பெயரை அங்கே படிக்க வேண்டும். "நானும் வருவேன்" என்று நெஞ்சுக்குள் சொல்ல வேண்டும். செத்தவரைப் போற்றுவது பாதிப் பயன்; வளர்பவனை எழுப்புவதே முழுப் பயன்.

அரசு செய்யட்டும், மாநகராட்சி செய்யட்டும் என்று கைகட்டி நிற்பானேன்? உங்கள் வட்டத்திலே முதிர்ந்த குத்துச்சண்டை வீரர் இருப்பார், கால்பந்தாட்டக்காரர் இருப்பார், கபடி ஆடிக் காலொடிந்தவர் இருப்பார். வீடு தேடிச் செல்லுங்கள். பெயரை, ஆடிய ஆண்டை, வென்ற களத்தைக் கேட்டு எழுதுங்கள். பழுத்துப்போன புகைப்படத்தைப் படியெடுங்கள். அந்தப் பட்டியலோடு ரிப்பன் மாளிகையின் கதவைத் தட்டுவோம்.

ஆமூர் மல்லனின் பெயரை இனி எவராலும் மீட்க இயலாது. அடுத்த தெரு மல்லனின் பெயரை இன்றே கேட்கலாம். புறப்படுங்கள்!