பகடையா நாட்டை வளர்த்தது?

ஆதம்பாக்கத்துக்கு அண்டையில், கிண்டியில், குதிரைகள் ஓடின. கூலிக்காரன் மடியிலிருந்த காசும் ஓடிற்று! குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் தமிழகம் சட்டம் செய்தது. 1996-இல் உச்சநீதிமன்றமோ, அது திறமை ஆட்டம் என்றது. திறமை குதிரைக்கு, திண்டாட்டம் குடும்பத்துக்கு!

அந்தச் சூதையே வளர்ச்சித் திட்டம் என்று விலை கூறுவோர், "சிங்கப்பூரைப் பாரீர்! சூதாட்ட விடுதி திறந்தது, செல்வம் குவிந்தது" என்கின்றனர். பார்ப்போம், தோழர்களே! அத்தீவு தனிநாடானது 1965-இல். அங்கே அவ்விடுதிகள் திறந்ததோ 2010-இல். இடைப்பட்ட 45 ஆண்டுகளில் அந்நாட்டை உயர்த்தியவை துறைமுகமும் தொழிற்சாலையும் பள்ளிக்கூடமும்; பகடை அல்ல! 2019 முதல், சொந்தக் குடிமகன் அவ்விடுதியில் ஒரு நாள் நுழைய 150 வெள்ளி வரி, அயல்நாட்டானுக்கோ வரியில்லை. அமுதமாயின், வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வேலி ஏன்?

"சூது பாவம்" என்று மதவாதி குறுக்கிடுவான். மனைவியைப் பணயம் வைத்துத் தோற்றவனைத் தருமன் என்று போற்றும் வாய்க்கு அந்த உரிமை ஏது? "தேறினால் மொட்டை" என்று தெய்வத்தோடு பேசும் பேரமும் பந்தயந்தானே?

வள்ளுவர் சூதை வைத்த இடம் பொருட்பால், 94-ஆம் அதிகாரம். வறுமையைக் காட்டி எச்சரித்தார் அவர். சூதில் செல்வம் பிறப்பதில்லை. ஏழையின் கையிலிருந்து முதலாளியின் பெட்டிக்கு இடம் மாறுகிறது. இளைஞர்களே, பாவக் கணக்கு வேண்டா. பொருட் கணக்குப் போடுங்கள்!