மலைநாட்டுப் பாலுக்கு ஓர் அளவேடு

நீலகிரியில் அணுவுலை யாதொன்றும் இல்லை. அங்ஙனமிருக்க, அணுவுலை விபத்தைப்பற்றி இம்மலைவாசிகள் கவலையுறுவானேன் என்று நண்பர் சிலர் வினவுவர். 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி செர்னோபிலில் அணுவுலை வெடித்தது. ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேல்ஸ் நாட்டு மலைகளில் மழையானது அணுத்துகளைப் புல்லின்மேல் இறக்கிற்று. புளிப்புத்தன்மை வாய்ந்த அம்மண் சீசியத்தைப் பற்றிவையாது புல்லுக்கு விட்டமையால், அங்குள்ள செம்மறியாடுகளின்மீது விதித்த தடை 2012 வரையில் முற்றும் நீங்கவில்லை. நம் உதகை மேட்டுநிலத்து மண்ணும் புளிப்பானதே. மழையும் இரு பருவத்தும் பெய்வதே.

இத்தகைய காலத்தில் முதற்கண் சோதிக்கத்தக்கது பால். பசுவானது பரந்த நிலத்தை மேய்ந்து, புல்லிற் படிந்த அயோடினை ஓரிரு நாளிற் பாலிற் சேர்க்கின்றது. அதனைப் பருகும் குழந்தையின் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி அதனை ஈர்த்துக்கொள்ளுகின்றது. செர்னோபிலுக்குப் பின் குழந்தைகள் பலர்க்கு அச்சுரப்பியிற் புற்றுநோய் கண்டதற்கு அப்பாலே முதற்காரணமாயிற்று.

பரிகாரம் இல்லாமலில்லை. அயோடின்-131 எட்டு நாளைக்கொருமுறை பாதியாகும். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஆகவே மாட்டுக்குச் சேமித்த வைக்கோலை இடலாம்; பாலைப் பொடியாக்கி நாள் கடத்தலாம். ஆனால் எவ்வூர்ப் பாலில் எவ்வளவு உண்டென அறிந்தாலன்றி இவற்றுள் ஒன்றும் இயலாது. இங்கிலாந்தில் விண்ட்ஸ்கேல் அணுவுலை 1957 அக்டோபரில் தீப்பற்றியபோது, பாலில் அயோடினுக்குரிய வரம்பே வகுக்கப்பட்டிருக்கவில்லை. அவசரமாய் அதனை வகுத்து, ஏறக்குறைய 500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பின் பாலைக் கொட்ட நேர்ந்தது.

நம் தேசத்திலோ, செர்னோபிலுக்குப் பின் வந்த அயர்லாந்து வெண்ணெயைப்பற்றிப் பம்பாயில் எழுந்த ஐயம் உச்ச நீதிமன்றம் வரையிற் சென்றது. நிபுணர் குழு ஆராய்ந்து தீங்கில்லையெனக் கூறியபின்னரே, 1988-இல் அவ்வழக்கு முடிவுற்றது. அச்சத்தை அடக்கியது அதட்டலன்று, அளவே.

கல்பாக்கத்தின் சுற்றுப்புறப் பால் முறையாகச் சோதிக்கப்பட்டு வருகின்றது. நீலகிரியிலும் விபத்தில்லாத நாளிலேயே ஊர்தோறும் அளந்து ஏடு எழுதி வைத்தல் வேண்டுமென்பது எமது கருத்து. பல ஊர்ப் பால் ஒரே தொட்டியிற் கலந்தபின் அளந்தால், ஓரூரின் மிகுதி பிறவூர்ப் பாலில் மறைந்துபோம். கூடலூர், கோத்தகிரி, குன்னூர், உதகை எனத் தனித்தனியே அளந்து, எல்லோரும் படிக்கும்படி பால் சங்கத்தின் வாயிலில் தமிழில் எழுதி ஒட்டவேண்டும்.

இரண்டு பசுக்களைக்கொண்டு பிழைக்கும் குடும்பத்திற்கு நஞ்சும் கேடு. நஞ்சென்னும் வதந்தியும் கேடு. இவ்விரண்டினின்றும் அக்குடும்பத்தைக் காப்பது அவ்வேடொன்றே. அறிவியல் பயிலும் மாணவ நண்பர்களே, இதனைக் கேட்டுப்பெறுதல் நும் கடனன்றோ?