அழகுக்கா, வலிக்கா? அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது இன்சூரன்ஸ் பணம்!

விருதுநகர்:

சிவகாசிப் பக்கம் "பிளாஸ்டிக் சர்ஜரி" என்றால் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது தீக்காயம்தான். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தை இன்னும் யாரும் மறக்கவில்லை. கருகிய இடத்தில் வேறு தோல் எடுத்து வைக்கிற வைத்தியம் என்றுதான் அந்தப் பெயரே இங்கே பழக்கம்.

அதே டாக்டர்கள் செய்கிற இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது. அதைப் பற்றி இந்த வட்டாரத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. அளவுக்கு மீறிப் பெருத்த மார்பகத்தைக் குறைக்கிற ஆபரேஷன் அது!

"அட, அது சினிமாக்காரிகள் சமாச்சாரம்!" என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். சமாச்சாரம் அதுவல்ல.

குனிந்தே கழியும் பொழுது

திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் காலை முதல் மாலை வரை தரையில் உட்கார்ந்து, தலை குனிந்து வேலை செய்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சரம் பின்னுவது, குழாய் சுற்றுவது, பெட்டி அடைப்பது, தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது, அச்சகத்தில் காலண்டர் அடுக்குவது எல்லாமே குனிந்த வேலை.

இதில் மார்புப் பாரம் அதிகமான பெண்ணுக்கு என்ன ஆகும்? கழுத்து பிடிக்கும். தோள்பட்டை இறங்கும். முதுகு வலி விடாது. உள்ளாடைப் பட்டை தோளில் பள்ளம் போட்டுவிடும். மார்புக்கு அடியில் வேர்வை தேங்கிப் புண்ணாகும். சிலருக்கு விரல் மரத்துப் போவதும் உண்டு.

வீட்டில் சொன்னால், "வயசானா எல்லாம் சரியாப் போகும், தைலம் தேச்சுக்க" என்பார்கள். அதோடு சரி. பல பெண்கள் சொல்வதே இல்லை. டாக்டரிடம் போனாலும் "முதுகு வலி" என்று பாதியைச் சொல்லிவிட்டு மாத்திரையோடு திரும்புகிறார்கள். சொல்லாமல் விட்ட பாதிதான் பின்னால் பணத்தில் போய் இடிக்கிறது!

ஸ்டான்லியில் எழுந்த சர்ச்சை

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யத் தனி ஏற்பாடு வந்தது. பணக்காரர்களுக்குக் கிடைக்கிற வைத்தியம் ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார் அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். சர்க்கார் பணத்தை உயிர் காக்கும் வைத்தியத்துக்குச் செலவழிக்க வேண்டாமா என்று எதிர்க் கேள்வியும் கிளம்பியது.

இரண்டு பக்கமும் பேசியது "அழகு" என்ற ஒரே வார்த்தையை வைத்துத்தான். முதுகு வலியோடு வேலைக்குப் போகிற பெண் அந்தச் சண்டையில் காணாமல் போனாள்.

ஆபரேஷனில் என்ன நடக்கும்?

முதலில் பரிசோதனை. ரத்தம், இ.சி.ஜி. எல்லாம் பார்ப்பார்கள். 40 வயது தாண்டியவர்களுக்குக் கட்டி ஏதும் இருக்கிறதா என்று மார்பக எக்ஸ்ரேயும் எடுப்பது வழக்கம். உடம்பு பருமனாக இருந்தால் முதலில் எடையைக் குறைக்கச் சொல்வார்கள்.

முழு மயக்கம் கொடுத்து, சுமார் 2 முதல் 4 மணி நேரம் ஆபரேஷன். காம்பைச் சுற்றியும், அங்கிருந்து கீழ் நோக்கியும் வெட்டி, கூடுதல் சதையையும் கொழுப்பையும் தோலையும் எடுப்பார்கள். காம்பு ரத்த ஓட்டத்தோடு மேலே நகர்த்தி வைக்கப்படும். எடுத்த சதை பரிசோதனைக்குப் போகும்.

பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம். உட்கார்ந்து செய்கிற லேசான வேலைக்கு இரண்டு வாரத்தில் திரும்பலாம். குடம் தூக்குவது, பெட்டி சுமப்பது ஆகியவை ஆறு வாரத்துக்குக் கூடாது. தழும்பு நிச்சயம் இருக்கும். அது மங்க ஒரு வருஷம் ஆகலாம்.

ஆபத்தே இல்லையா? உண்டு. ரத்தக் கசிவு, சீழ், புண் ஆறத் தாமதம், காம்பில் உணர்ச்சி குறைவது ஆகியவை நேரலாம். பிறகு குழந்தை பெற்றால் தாய்ப்பால் குறையவும் கூடும். இனிமேல்தான் குழந்தை என்கிற பெண்கள் இதை டாக்டரிடம் பேசி முடிவெடுப்பது நல்லது.

அத்தனையும் சரி, பாரம் குறைந்ததும் கழுத்து வலியும் தோள் வலியும் விடுகிறதா? பெரும்பாலோருக்கு நன்றாகவே குறைகிறது என்பதுதான் உலக அனுபவம்.

காசு யார் கொடுப்பது?

தனியார் ஆஸ்பத்திரியில் பில் பெரும்பாலும் லட்ச ரூபாயைத் தொட்டுவிடுகிறது. "பாலிசி இருக்கிறது, கவலை இல்லை" என்று போகிறவர்களுக்குத்தான் அதிர்ச்சி காத்திருக்கிறது.

உடம்பின் தோற்றத்தை மாற்றுகிற ஆபரேஷனுக்குப் பணம் இல்லை என்று எல்லா மெடிக்கல் பாலிசியிலும் ஒரு வரி உண்டு. இந்திய இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் அந்த வரியை ஒரே மாதிரி ஆக்கியது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் சீரமைப்பது என்றால் விலக்கு உண்டு. அதனால்தான் பட்டாசுத் தீக்காயத்துக்கான பிளாஸ்டிக் சர்ஜரியை "அழகு" என்று தள்ள முடிவதில்லை.

இன்னொரு விலக்கும் உண்டு. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க ஆபரேஷன் அவசியம் என்று வைத்தியம் பார்க்கிற டாக்டர் எழுதித் தர வேண்டும். மார்பகக் குறைப்புக்கு இந்த ஒரு வாசல்தான். வாசல் குறுகல். "முதுகு வலி உடனடி ஆபத்தா?" என்று கம்பெனிக்காரன் கேட்பான்.

அமெரிக்காவிலும் இதே இழுபறிதான். எத்தனை கிராம் சதை எடுத்தால் நோய், எத்தனை கிராம் என்றால் அழகு என்று அங்கே தராசு வைத்தே பார்க்கிறார்கள்!

காகிதம் பேச வேண்டும்

ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே காகிதம் சேர்க்க வேண்டும். எத்தனை மாதமாக வலி, என்ன மாத்திரை, என்ன பயிற்சி, புண் எத்தனை தடவை வந்தது என்று ஓ.பி. சீட்டில் ஏறியிருக்க வேண்டும். எலும்பு டாக்டர், தோல் டாக்டர் சீட்டுகளும் வலு சேர்க்கும். பிறகு முன் அனுமதி கேட்க வேண்டும். 2024 விதிப்படி, ரொக்கமில்லா சிகிச்சைக்கான முன் அனுமதிக் கோரிக்கைக்கு கம்பெனி ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். பழைய நோய் என்று சொல்லிக் காத்திருக்க வைப்பதும் 3 வருஷத்துக்கு மேல் கூடாது.

மறுத்தால் எந்த விதிப்படி என்று எழுத்தில் வாங்க வேண்டும். கம்பெனியிடம் புகார் கொடுத்து 30 நாளில் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. வக்கீலும் வேண்டாம்.

பாலிசி இல்லாதவர்களுக்கு?

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் சிவகாசி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் தொடங்கலாம். பெரிய ஆபரேஷனுக்கு அங்கிருந்து பரிந்துரை வேண்டும். மாதம் 10 ஆயிரம் கூலிக்குத் தொழிலாளியிடம் பிடிப்பது 75 ரூபாய், முதலாளி கட்டுவது 325 ரூபாய். போதிய நாள் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழின் பேரில் படுத்திருக்கும் நாளுக்கு 70 சதவீதச் சம்பளமும் உண்டு. பிடித்தம் இல்லாத சில்லறைக் கூலிக்காரர்களுக்கு இது எட்டாக் கனி!

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கான வருட வருமான வரம்பு 2022-ல் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டுமே அதில் பணம். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

அட்டையே இல்லாவிட்டாலும் சர்க்கார் ஆஸ்பத்திரிக் கதவு இருக்கிறது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன பண்ணுது?" அதற்கு வெட்கப்படாமல் முழுப் பதில் சொல்ல வேண்டும். பெண் டாக்டர் வேண்டும் என்றும் கேட்கலாம். அதில் தப்பில்லை.

வலியைப் பெண் வாய் விட்டுச் சொல்லாவிட்டால், அதை "அழகு" என்று எழுதிவிட்டுப் போவான் இன்சூரன்ஸ்காரன்!