பழைய டிஜிட்டல் கேமரா வாங்கலாமா?

மொபைல் போனிலேயே 50 மெகா பிக்சல் கேமரா வந்து விட்டது. ஆனாலும் 2000-களில் வெளியான சின்ன டிஜிட்டல் கேமராக்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என் அலுவலகத்திலேயே மூன்று பேர் வாங்கி விட்டார்கள். எங்கள் வீட்டில் அப்பா 2007-ல் வாங்கிய கேனன் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ் இன்றும் வேலை செய்கிறது. இப்போது அது என் கையில். இதனால் "வாங்கலாமா?" என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். வைத்திருப்பவர்கள் சொல்வதில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்பதுதான் உண்மையான கேள்வி.

எல்லோரும் முதலில் புகழ்வது கலரைத்தான். "சிசிடி சென்சார் அல்லவா, அதனால்தான் பிலிம் மாதிரி இருக்கிறது" என்பார்கள். நான் இதை ஏற்க மாட்டேன். சிசிடி ஆனாலும் சீமாஸ் ஆனாலும் சென்சார் அளப்பது விழுகின்ற ஒளியின் அளவை மட்டுமே. அதன் மேல் உள்ள சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளும், பிறகு படத்தைத் தயாரிக்கும் பிராசசரும்தான் நிறத்தைத் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் பழைய கேமராவின் படம் ஏன் தனியாகத் தெரிகிறது? வீட்டுக்குள்ளும் இரவிலும் எடுத்த படங்களில் முக்கிய காரணம் பிளாஷ். அதில் இருப்பது செனான் பிளாஷ். மின்னல் போல ஒரு கணம் வெட்டி மறையும். ஓடுகிற குழந்தையும் அசையாமல் பதிவாகும். முகம் பளிச்சென்று இருக்கும், பின்னால் இருட்டாகி விடும். மொபைலில் இருக்கும் எல்இடி விளக்குக்கு அந்தச் சக்தி கிடையாது. எனவே போன் பல படங்களை எடுத்து, மென்பொருளால் ஒன்றாக்கி, நிழலையெல்லாம் வெளிச்சமாக்கித் தருகிறது. உங்களுக்குப் பழைய தோற்றம் பிடித்திருந்தால் தவறில்லை. ஆனால் "சிசிடி" என்ற மூன்று எழுத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்!

நான் நம்புவது, யாரும் பெருமையாகச் சொல்லாத விஷயங்களை. ஏ570 இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடுகிறது. ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் இன்றும் கடையில் கிடைக்கின்றன. தனி வடிவ லித்தியம் பேட்டரி கொண்ட கேமராவை வாங்கிய அலுவலக நண்பர், பேட்டரி உப்பிப் போனதும் மாற்று தேடி அலைந்து கொண்டிருக்கிறார். அடுத்தது மெமரி கார்டு. ஏ570-ல் எஸ்டிஎச்சி கார்டு வேலை செய்யும். அதற்கு முந்தைய பல மாடல்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது. இன்னும் பழையவை காம்பாக்ட் பிளாஷ் கார்டு கேட்கும். வெயிலில் திரை தெரியாதபோது கண்ணை வைத்துப் பார்க்க வியூபைண்டர் உண்டு. ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் நாமே வைத்துக் கொள்ளலாம். கேமரா கற்றுக் கொள்ள நினைக்கும் மாணவருக்கு இது ஒன்றே போதும்.

குறைகளையும் நம்பலாம். ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்டினால் படத்தில் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். பிளாஷ் போட்டு எடுத்தால் அடுத்த படத்துக்குச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். 7.1 மெகா பிக்சல் போதுமா என்ற கவலை மட்டும் வேண்டாம். 6க்கு 4 அங்குல பிரிண்ட்டை 300 டிபிஐ-யில் போட 1800க்கு 1200, அதாவது சுமார் 2 மெகா பிக்சல் போதும்.

புகழ்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒன்று உண்டு. 2005-ல் கேனன், நிக்கான், சோனி உட்படப் பல நிறுவனங்கள், அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் விற்ற பல மாடல்களுக்கு இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தன. அவற்றில் இருந்த சோனி தயாரிப்பு சிசிடியின் உள் இணைப்பு, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் விட்டுப் போனது. கேனன் ஏ70, ஏ75 அந்தப் பட்டியலில் இருந்தவை. அந்த இலவசச் சேவையை இன்று எதிர்பார்க்க முடியாது. வெப்பம், ஈரப்பதம் என்றால் சென்னையைத் தவிர வேறு எதைச் சொல்வது? ஆகவே அந்தக் காலத்து மாடல் என்றால் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நேரில் போகும்போது உங்கள் பேட்டரியையும் கார்டையும் எடுத்துச் செல்லுங்கள். பழுதான சிசிடி என்றால் திரை கறுப்பாக இருக்கும், அல்லது கோடுகளும் ஊதா நிறமும் கலந்து படம் நெளியும். பேட்டரி மூடியின் கொக்கி உடைந்திருக்கிறதா, உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாஷ் போட்டுப் பத்து படமாவது எடுங்கள். ஜூமை முழுதாக நீட்டிச் சுருக்குங்கள். கரகர என்று சத்தம் வந்தால் லென்ஸுக்குள் மணல் போயிருக்கலாம். கலர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்து விட்டு வந்து விடுங்கள்.